எந்த வீட்டுக்காக ஜெபிப்பது?

எங்கள் சமையலறையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்று நாலு வருஷத்துக்கு மேல் இருந்தது. காலையில் நிரப்பி வைத்துவிடுவேன். மாத்திரை விழுங்க, காப்பிக்கு, ரசத்துக்கு, என் வீட்டுக்காரருக்குள்ளே போகிற தண்ணீர் எல்லாம் அதிலிருந்துதான். கிட்னி நின்றுபோனதால் ஒரு நாளைக்கு அதற்கு மேல் அவருக்குக் கூடாது. ராத்திரி படுக்கப் போகும்போது அடியில் இரண்டு விரல் மிச்சம் இருந்தால் அவர் முகத்தில் பரீட்சையில் பாஸான பையனின் சந்தோஷம் தெரியும்.

2019 ஜூலையில் கால் வீக்கம் என்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சர்க்கரை கிடையாது. பிரஷர் இருந்தது அவருக்கே தெரியாது. ரத்தப் பரிசோதனையில், கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் 11 என்று மிக அதிகமாக வந்தது. ஸ்கேன் பார்த்த டாக்டர், இரண்டு கிட்னியும் சுருங்கிப்போய்விட்டது என்றார். அன்றைக்கே கழுத்தில் குழாய் போட்டு, மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்கிற டயாலிசிஸ் ஆரம்பித்துவிட்டார்கள். அவருக்கு அப்போது 43 வயது. லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார், நான் வீட்டில் தையல்.

எங்கள் ஊர் மெஞ்ஞானபுரத்துக்குப் பக்கம், தேரி மண். வாரத்தில் மூன்று நாள் விடியுமுன் பஸ் ஏறி தூத்துக்குடி. தடவைக்கு நாலு மணி நேரம் மெஷின். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்ததால் டயாலிசிஸுக்குக் காசு கட்டவில்லை. ஆனால் பஸ், சாப்பாடு, ஊசி மருந்து, வேலை இல்லாத நாட்கள் என்று காசு கரைந்துகொண்டே இருந்தது. பிறகு இடது கையில் பிஸ்டுலா வைத்தார்கள். ரத்த நாளம் இரண்டைச் சேர்த்துத் தைத்து, ஊசி போடத் தோதாகப் பெரிதாக்குவது. அதன்மேல் விரலை வைத்தால் பூனை மடியில் படுத்து உறுமுகிற மாதிரி ஒரு அதிர்வு இருக்கும். அது நின்றால் அடைத்துவிட்டது என்று அர்த்தம். குடும்ப ஜெபத்துக்கு முன்னால் தினமும் விரலை வைத்துப் பார்ப்பேன். “ஓடுதா பிள்ள?” என்பார். “ஓடுது” என்ற பிறகுதான் வேதப்புத்தகத்தைத் திறப்போம்.

முதல் வருஷம் எங்களுக்காக ஜெபிக்காத ஆள் இல்லை. உபவாச ஜெபம், சங்கிலி ஜெபம் எல்லாம் நடந்தது. 2020 புது வருஷ ஆராதனையில் அந்த வருஷத்துக்கென்று நான் எடுத்த வாக்குத்தத்த வசன அட்டையில், வியாதியாய்க் கிடந்த எசேக்கியா ராஜாவுக்குக் கர்த்தர் சொன்ன வசனம்: “உன் கண்ணீரைக் கண்டேன், இதோ, நான் உன்னைக் குணமாக்குவேன்.” பீரோ கதவில் ஒட்டி வைத்தேன். மார்ச்சில் ஊரடங்கு வந்தது. ஆலயம் பூட்டிக் கிடக்க, டயாலிசிஸ் சீட்டைக் காட்டிக் காட்டி செக்போஸ்ட் தாண்டிப் போனோம். அட்டையின் ஓரம் சுருள ஆரம்பித்தது. குணம் மட்டும் வரவில்லை.

அப்புறம் விசாரிக்க வருகிறவர்களின் பேச்சு மாறியது. “அறிக்கை பண்ணாத பாவம் ஏதாவது இருக்கா, யோசிச்சுப் பாருங்க” என்றார் ஒருவர். வெளியூரிலிருந்து வந்த ஒரு அக்கா, மெஷினை நிறுத்திவிட்டு விசுவாசத்தில் நில்லுங்கள் என்று சொல்லி ஜெப எண்ணெய் பாட்டிலை நீட்டினார். கிட்னி முழுக்க நின்றுபோன ஒருவர் டயாலிசிஸை நிறுத்தினால் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம்தான் தாங்கும். அதைச் சொல்லி அந்த அக்காவை வாசலோடு அனுப்பிவிட்டேன். எண்ணெயைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன். கதவுக் கீலுக்கு உதவியது.

சும்மா சொல்லக்கூடாது, எனக்கும் கணக்குப் பார்க்கிற புத்தி இருந்தது. நாம் இவ்வளவு ஜெபித்தோமே, தசமபாகம் தவறவில்லையே என்று. அந்தக் கணக்கை உடைத்தது பக்கத்துக் கட்டில்காரர். கடற்கரை ஊர்க்காரர், கத்தோலிக்கர். நாலு மணி நேரமும் கையில் ஜெபமாலை உருண்டுகொண்டே இருக்கும். மெஷின் முடிகிற நேரத்தில் காலில் தசை பிடித்து என் வீட்டுக்காரர் கத்தும்போது, தன் கட்டிலில் இருந்தபடியே, “ஆண்டவரே, அந்தத் தம்பிக்கு விட்டுடும்” என்பார். 2021-ல் ஒரு திங்கட்கிழமை அவர் கட்டிலில் வேறு ஆள். அவரைவிட எங்கள் விசுவாசம் பெரிது என்று நான் எந்த வாயால் சொல்வது?

மாற்றுச் சிறுநீரகத்துக்கு முதலில் நான்தான் கையை நீட்டினேன். அவருக்கு ஓ பாசிட்டிவ், எனக்கு பி. மாமியாருக்கு 70 தாண்டிவிட்டது, கொழுந்தனுக்குச் சர்க்கரை. இரண்டு குடும்பங்கள் தங்களுக்குள் மாற்றிக் கொடுத்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் ஓ குரூப் நோயாளிக்கு ஓ குரூப் கொடையாளிதான் பொருந்தும், அப்படி ஜோடி அமைவது லேசில்லை. சரி, மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து பெறுகிற அரசாங்கப் பட்டியல்தான் வழி என்று மதுரையில் ஓர் ஆஸ்பத்திரி மூலம் பதிந்தோம். இருதயம், பல், தொற்றுநோய் என்று வரிசையாகப் பரிசோதனைகள். போனை எப்போதும் ஆன் செய்து வைக்க வேண்டும், கூப்பிட்டால் உடனே கிளம்ப வேண்டும் என்றார்கள்.

அங்கே இருந்த ஒருங்கிணைப்பாளர் ஒரு பெண். 2008-ல் திருக்கழுக்குன்றம் பக்கம் விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரன் என்ற பையனைப் பற்றி அவர்தான் சொன்னார். 15 வயது. அப்பா அம்மா இரண்டு பேருமே டாக்டர்கள். அவர்கள் மகனின் உறுப்புகளைக் கொடுத்த பிறகுதான் தமிழ்நாட்டில் இது ஜனங்களுக்குத் தெரிய வந்ததாம். மூளைச்சாவு என்று ஒரே தடவையில் முடிவு செய்ய மாட்டார்கள், ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பரிசோதிப்பார்கள் என்றும் சொன்னார்.

எனக்கு அந்த ஆறு மணி நேரம்தான் தொண்டையில் சிக்கிக்கொண்டது. வெளியே பெஞ்சில் ஓர் அம்மா உட்கார்ந்திருப்பாள். உள்ளே மகனுக்கு நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். அவளும் ஜெபிப்பாள், அல்லது நேர்ந்துகொள்வாள். அதே நேரத்தில் நான் என் வீட்டில் முழங்கால் போட்டு, “கர்த்தாவே, சீக்கிரம் ஒரு கிட்னி” என்பேன். இரண்டு ஜெபமும் ஒரே இடத்துக்குத்தான் போகிறது. அவளுடையது கேட்கப்பட்டால் என்னுடையது இல்லை.

ஒரு மாதம் போல அந்த ஜெபம் வாயில் வரவில்லை. எங்கள் சபைப் போதகரிடம், ஐயர் என்போம், சொன்னேன். அவர் உடனே வசனம் எடுக்கவில்லை, அதுவே எனக்குப் பெரிய ஆறுதல். கொஞ்ச நேரம் கழித்து, “சாவுக்காக நீங்க ஜெபிக்க வேண்டாம்மா. அது உங்க ஜெபத்தால வரப்போறதும் இல்ல. அந்த அம்மாவுக்காக ஜெபிங்க. மிச்சத்த அவரு கையில விட்டுருங்க” என்றார். அப்புறம் 13ஆம் சங்கீதத்தைக் காட்டினார். “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?” என்று தொடங்குகிறது. இதையும் ஜெபமாகத்தான் வேதத்தில் வைத்திருக்கிறது என்றார். அன்று ராத்திரியிலிருந்து பெயர் தெரியாத ஒரு வீட்டுக்காக ஜெபிக்க ஆரம்பித்தோம். அந்த வீட்டுப் பிள்ளைகள் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும் என்றுகூடச் சில நாள் ஜெபித்திருக்கிறேன். எனக்கு நானே குழி தோண்டுவது போல இருக்கும். ஆனால் அப்படி ஜெபித்த நாட்களில் தூக்கம் வந்தது.

2022 பிப்ரவரியில் ராத்திரி பதினொன்றரைக்கு முதல் அழைப்பு. கார் பிடித்து விடியுமுன் மதுரை. எங்களோடு இன்னும் இரண்டு குடும்பங்கள். ஒரு கிட்னிக்கு இப்படிப் பலரைக் கூப்பிட்டுத்தான் ரத்தப் பொருத்தம் பார்ப்பார்களாம். நான் டிபன் வாங்கி வரவில்லை, அவர் வெறும் வயிற்றோடு இருக்க வேண்டுமே. மத்தியானம் ஒரு நர்ஸ் வந்து, “நீங்க சாப்பிடலாம்” என்றார். எனக்கு முதலில் விளங்கவில்லை, அவருக்கு விளங்கிவிட்டது. வேறொருவருக்குப் பொருந்தியிருந்தது. அந்த ஆளின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஸ்தோத்திரம் என்றேன், வாய் மட்டும்தான் சொன்னது.

திரும்பும்போது காரில் யாரும் பேசவில்லை. மெஞ்ஞானபுரம் பரிசுத்த பவுல் ஆலயத்தின் 192 அடி கோபுரம் பனைகளுக்கு மேலே தெரிந்ததும் எப்போதும் சிலுவையைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்வேன். அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் பீரோவிலிருந்த அட்டையைக் கிழிக்கப் போனேன். “கிழிக்காத. அது அவரு சொன்னது. எப்பன்னு சொல்லலியே” என்றார் என் வீட்டுக்காரர். மறுநாள் டயாலிசிஸ் நாள். பாட்டிலை நிரப்பினேன். விசுவாசம் என்று அன்றைக்கு என்னிடம் இருந்தது அவ்வளவுதான், பாட்டிலை நிரப்புகிற அளவுக்கு. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குத் தினமும் விழுந்த மன்னா என்கிற ஆகாரமும் தலைக்கு ஒரு ஓமர் அளவுதானே, மறுநாளைக்கு எடுத்து வைத்தவர்களுக்குப் புழு வைத்தது.

இரண்டாவது அழைப்பு 2023 நவம்பரில், பட்டப்பகலில். நான் ஒரு ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை யாரிடமும் சொல்லாமல் போனோம். சாயங்காலம் அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். யாருடைய கிட்னி என்று சொல்ல மாட்டார்கள், நாங்களும் கேட்கவில்லை. ஆனால் அந்த செப்டம்பரிலிருந்து உறுப்புக் கொடுத்தவர்களுக்கு அரசு மரியாதை என்று அறிவித்திருந்தார்கள். மறுநாள் பேப்பரில் ஒரு படம்: மாலை வைக்கும் அதிகாரிகள், பின்னால் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு ஒரு அம்மா. அவர்கள்தானா என்று எனக்குத் தெரியாது. வராந்தாவில் நின்று அந்த அம்மாவுக்காகத்தான் அழுதேன். உள்ளே என் வீட்டுக்காரரின் யூரின் பை நிரம்பிக்கொண்டிருந்தது. அவருக்குச் சிறுநீர் வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது.

ஆலயத்தில் சாட்சி சொல்லச் சொன்னார்கள். விசுவாசித்தோம், கிடைத்தது என்று சொல்ல எனக்கு வரவில்லை, பக்கத்துக் கட்டில்காரர் நினைவுக்கு வந்துவிடுகிறார். அதனால் ஸ்தோத்திரக் காணிக்கை மட்டும் வைத்தோம். அறிவிப்பில் எங்கள் பெயருக்குப் பதிலாக, “எங்களுக்குப் பெயர் தெரியாத ஒரு குடும்பத்துக்காக” என்று வாசிக்கும்படி கேட்டுக்கொண்டேன். ஐயர் அப்படியே வாசித்தார். பின் வரிசையில் யாரோ யார் அது என்று கேட்டது என் காதில் விழுந்தது.

இப்போது டாக்டர் ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருக்கிறார். காலையும் ராத்திரியும் மணி பார்த்து மாத்திரை, கூட்டத்தில் மாஸ்க், மாதாமாதம் ரத்தப் பரிசோதனை. ஆனாலும் மனுஷன் இன்றைக்கும் அரைத் தம்ளரில் நிறுத்திவிட்டு, அளவைப் பார்க்கிற மாதிரி என் முகத்தைப் பார்ப்பார்.

“குடிங்க” என்பேன்.