கவலை தோலில் தெரிகிறது

மனம் வேறு, உடல் வேறு என்று யாராவது சொன்னால், 1995-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வைத்தான் எடுத்துச் சொல்வேன். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில், மறதிநோய் கண்ட உறவினரைப் பராமரிக்கும் 13 பெண்களின் கையில் 3.5 மி.மீ. அளவில் காயம் செய்தார்கள். ஒத்த வயதும் வருமானமும் கொண்ட வேறு 13 பெண்களுக்கும் அப்படியே. ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டால் நுரைக்கவில்லையா, காயம் ஆறிவிட்டது என்று கணக்கு. பராமரிப்பவர்களுக்கு 9 நாட்கள் கூடுதலாகப் பிடித்தன.

படுக்கையில் கிடப்பவரை நலம் விசாரிக்கிறோம். பக்கத்தில் நிற்பவரை யார் கேட்கிறார்கள்?

ஓயாத நெருக்கடியில் மூளையின் உத்தரவுப்படி அட்ரினல் சுரப்பி கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரந்துகொண்டே இருக்கிறது. அதனால் காயம் ஆற உதவும் நோய் எதிர்ப்பு அணுக்களின் வேலை மந்தமாகிறது.

26 பேர் போதுமா என்பது நியாயமான கேள்வி. குலுக்கல் போட்டு யாரையும் பராமரிப்பவராக்கவும் முடியாது; அதனால் இரு குழுக்களுக்கும் இடையே வேறு வித்தியாசங்களும் இருந்திருக்கலாம். 1998-இல் வந்த ஆய்வு இதற்கு அழகாக வழி கண்டது. பல் மருத்துவ மாணவர்கள் 11 பேரின் அண்ணத்தில் விடுமுறையில் ஒரு காயம், தேர்வுக்கு 3 நாள் முன்பு இன்னொன்று. ஒரே ஆளை அவரோடே ஒப்பிடலாம். தேர்வு நேரத்தில் சராசரியாக 40 சதவீதம் அதிக நாட்களாயின. விடுமுறையில் ஆறிய வேகத்தில் ஒருவருக்குக்கூட ஆறவில்லை.