மூன்று வாரத்துக்கு ஒரு ஞாயிறு

என்னுடைய 34 வயதிலிருந்து 51 வயதுவரை, மூன்று வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை எனக்குச் சொந்தமாக இருந்ததில்லை. வெளியில் போட்டுக்கொண்டு வர முடியாத ஒரு பழைய நைட்டி, விளிம்பு உடைந்த பிளாஸ்டிக் கிண்ணம், தேய்ந்துபோன பல் துலக்கும் பிரஷ், தரையில் கறை படியாமலிருக்க விரித்த முதல் நாள் செய்தித்தாள், நெற்றியோரத்திலும் காது மடலிலும் தடவிக்கொள்ளும் தேங்காய் எண்ணெய் என்று அதற்கெனத் தனியாக ஒரு தளவாடமே வைத்திருந்தேன். டை அடித்துவிட்டு ஊறிக்கொண்டிருக்கும் நேரத்தில் யார் வந்து அழைப்பு மணியை அடித்தாலும் என்னைக் கூப்பிடக் கூடாது என்பது வீட்டில் எழுதப்படாத சட்டம். ஆண்டுக்குப் பதினேழு முறை என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 290 ஞாயிறுகள் அப்படிப் போயிருக்கின்றன. வங்கியில் வேலை பார்ப்பவளுக்கு இந்த மாதிரிக் கணக்கு தானாக வந்துவிடுகிறது.

டை அடிப்பதை நிறுத்தி இப்போது இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன. எப்படித் துணிந்தாய் என்று கேட்கும் தோழிகளுக்கும் உறவுக்காரப் பெண்களுக்கும் துண்டு துண்டாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால், நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். துணிச்சலின் பங்கு இதில் மிகக் குறைவு என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

முதல் நரை இடது காதோரத்தில் வந்தது. அம்மா அதைப் பித்த நரை என்று சொல்லிக் கரிசலாங்கண்ணித் தைலம் காய்ச்சினார். கறிவேப்பிலை துவையலாகவும் பொடியாகவும் மூன்று வேளையும் தட்டில் விழுந்தது. அவருடைய நச்சரிப்புத் தாங்காமல் மருத்துவரிடம் போனபோது அவர் தைராய்டுக்கும் பி12 வைட்டமினுக்கும் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். இரண்டும் சரியாகவே இருந்தன. மயிர்க்காலின் அடியில் மெலனின் என்னும் நிறமியைச் செய்யும் செல்கள் ஓய்ந்துபோனால் அதற்குப் பிறகு அங்கிருந்து வளரும் முடி வெள்ளையாகத்தான் வரும், அது எந்த வயதில் தொடங்கும் என்பதைப் பெரும்பாலும் பரம்பரைதான் தீர்மானிக்கிறது என்று அவர் விளக்கியதும், எங்கள் பக்கத்தில் யாருக்கும் இப்படி இல்லை என்று அம்மா அப்பாவின் வம்சத்தின்மேல் பழியைத் தூக்கிப் போட்டுவிட்டு எழுந்தார். அந்த ஆண்டுதான் தம்பிக்குக் கல்யாணம். "அக்கா தலை கறுப்பா இருந்தாத்தான் மாப்பிள்ளை சின்னப் பையனாத் தெரிவான்" என்று சித்தி சொல்ல, அந்த வாரமே முதல் பாக்கெட் வீட்டுக்கு வந்தது. சித்தி என்ன சொன்னார் என்பது எனக்கு முழுதாகப் புரிய இன்னும் பதினேழு ஆண்டுகள் பிடித்தன.

2020ஆம் ஆண்டு ஊரடங்கில் எல்லோரும் வீட்டில் இருந்தபோது பல பெண்கள் தங்கள் சொந்த நிறத்தைப் பார்த்து அப்படியே விட்டுவிட்டார்கள் என்று படித்தேன். வங்கிகள் மூடப்படாததால் எனக்கு அந்த வாய்ப்பும் இல்லை. முகத்தின் பாதி முகக்கவசத்துக்குள் இருந்தபோதும் வகிட்டில் தெரிந்த வெள்ளைக்காக நான் டை அடித்துக்கொண்டிருந்தேன்.

நிறுத்தவைத்தது என் கண் இமைகள். வழக்கமாக வாங்கும் அதே பாக்கெட்டைக் கலந்து, வழக்கம்போலப் பூசிக் குளித்தேன். மறுநாள் காலை உச்சந்தலையிலும் காதுக்குப் பின்னாலும் தாங்க முடியாத அரிப்பு. அதற்கடுத்த நாள் காலையில் வலக்கண்ணைத் திறக்கவே முடியவில்லை, இமை பணியாரம் போல உப்பியிருந்தது. தோல் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, எப்போது டை அடித்தீர்கள் என்பதுதான். பதினேழு ஆண்டுகளாக ஒன்றும் செய்யாத மருந்து இப்போது எப்படி என்று வாதாடினேன். ஒவ்வாமை அப்படித்தான் வரும், பல ஆண்டுகள் உடம்பு பொறுத்துக்கொண்டிருந்துவிட்டு ஒருநாள் எதிர்க்கத் தொடங்கும், தொடங்கிவிட்டால் அது பெரும்பாலும் ஆயுளுக்கும் விடாது என்றார். காரணம் பாரா-ஃபினைலீன்டையமின் என்ற வேதிப்பொருள். அதன் சின்னஞ்சிறு மூலக்கூறுகள் நிறமில்லாமல் முடிக்குள் நுழைந்து, ஹைட்ரஜன் பெராக்சைடால் ஆக்சிஜனேற்றம் அடைந்து, ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி உள்ளேயே தங்கிவிடுவதால்தான் நிரந்தரச் சாயம் தண்ணீரில் போவதில்லை. அமெரிக்கத் தொடுதோலழற்சிச் சங்கம் 2006ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக இதைத்தான் அறிவித்தது.

அன்றைக்கு நான் தெரிந்துகொண்டவற்றுள் மற்றப் பெண்களுக்கும் பயன்படக்கூடியது ஒன்று உண்டு. 'அமோனியா இல்லாதது' என்று அட்டையில் பெரிய எழுத்தில் போட்டிருந்தால் அதில் இந்தப் பொருள் இல்லை என்று பொருளல்ல; இரண்டும் வேறு வேறு. கறுப்பு மருதாணி என்ற பெயரில் விற்கும் பொடிகளிலும் அது கலந்திருக்கக்கூடும், ஏனென்றால் மருதாணி தனியாகக் கறுப்பைத் தராது, செம்மஞ்சளைத்தான் தரும். ஒவ்வொரு பாக்கெட்டிலும் 48 மணி நேரத்துக்கு முன்பே தோலில் சிறிது தடவிப் பார்க்கச் சொல்லிப் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். 290 முறையில் ஒருமுறைகூட நான் அதைச் செய்ததில்லை.

வீக்கம் வடிந்ததும் நரையை ஏற்றுக்கொண்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும், நடந்தது அதுவல்ல. நேராக நாட்டு மருந்துக் கடைக்குப் போய் மருதாணிப் பொடியும் அவுரிப் பொடியும் வாங்கி வந்தேன். அவுரி என்பது நீலச் சாயம் எடுக்கும் செடி. திண்டிவனம் பக்கம் இன்றும் பயிராகிறது. தேயிலை டிகாஷனில் மருதாணியைக் கரைத்து இரும்புச் சட்டியில் இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் பூசி, இரண்டு மணி நேரம் கழித்து அலசி, பிறகு அவுரியை வெந்நீரில் குழைத்து உடனே பூசி மறுபடியும் காத்திருக்க வேண்டும். வைக்கோல் போரில் தலையை விட்டது போன்ற வாசனை இரண்டு நாள் போகாது. முன்பு ஒரு காலையைத் தின்ற வேலை இப்போது சனிக்கிழமை இரவையும் சேர்த்துத் தின்றது. ஐந்து மாதம் செய்தேன். ஆறாவது மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, சட்டியை எடுத்து அடுப்பு மேடையில் வைத்தவள், அதில் மறுநாள் மோர்க்குழம்புக்கு வெண்டைக்காயை வதக்கிக்கொள்ளலாம் என்று தோன்றி, மருதாணி டப்பாவை மேலே ஏற்றிவிட்டேன். முடிவெடுத்த தருணம் என்று கேட்டால் இதைத்தான் சொல்ல முடியும்.

இனித்தான் உண்மையான கதை தொடங்குகிறது, ஏனென்றால் என் தலைமுடி என் ஒருத்தியின் வயதை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கணவர் முதலில் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு திருமண வரவேற்பில் யாரோ என்னை அவருடைய அக்காவா என்று கேட்ட பிறகு மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அவர் மீசைக்கு மட்டும் டை போடுகிறவர். மகள், "உனக்குப் பிடிச்சா சரிம்மா" என்று பெருந்தன்மையாகச் சொன்னாலும், அவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த தரகர், பெண்ணின் தாயார் படத்தைக் கொஞ்சம் பழையதாக அனுப்பலாமே என்று தொலைபேசியில் யோசனை சொன்னதைச் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. எல்லோரையும்விடக் கடுமையாக எதிர்த்தவர் 76 வயதான என் அம்மா. சுமங்கலிப் பெண் இப்படித் தலையை விரித்தாற்போல வெள்ளையாக வைத்துக்கொள்ளலாமா என்பதிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு காரணமாக வைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் ஒருநாள் அழாத குறையாகச் சொன்னார்: "உன் தலை இப்படி நரைச்சிருந்தா, என் வயசு என்னன்னு ஊரே கணக்குப் போடாதா?" சித்தி அன்றைக்குத் தம்பியின் வயதைப் பற்றிச் சொன்னதும் இதே கணக்குத்தான். அம்மா இன்றும் டை அடிக்கிறார். நான் வெள்ளைத் தலையோடு பக்கத்தில் நின்றால் அவருடைய கறுப்பு பொய்த்துப்போகிறது.

இந்தக் கணக்கு ஆண்களுக்கு வேறு விதமாக ஓடுகிறது. சிறுவனான கரிகாலன், இவன் நமக்கென்ன நீதி சொல்லப்போகிறான் என்று தயங்கிய முதியவர்களுக்காக நரைமுடியை அணிந்துவந்து வழக்கைத் தீர்த்தான் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். ஔவையைப் பற்றியும் ஒரு கதை உண்டு. கல்யாணத்திலிருந்து தப்பிக்கப் பிள்ளையாரிடம் முதுமையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள் என்பார்கள். (சங்கப் பாடல்களில் வரும் ஔவை அப்படியொரு கிழவியாகத் தெரிவதில்லை என்று என் தமிழாசிரியை சொல்வார், ஆனாலும் 1968இல் மெரினா கடற்கரையில் வைத்த சிலையிலும் அவர் முதியவராகத்தான் நிற்கிறார்.) அவனுக்கு நரை சபையில் அமர்வதற்கு வேண்டியிருந்தது, அவளுக்குக் கல்யாணச் சந்தையிலிருந்து விடுபடுவதற்கு வேண்டியிருந்தது. இந்தக் காலத்தில் அஜித் நரைத்த தலையோடு திரையில் வந்தபோது இளைஞர்கள் அதற்கு சால்ட் அண்ட் பெப்பர் என்று பெயர் வைத்துக் கொண்டாடினார்கள். என் தலையில் இருப்பதும் அதே உப்பும் மிளகும்தான் என்றாலும், எங்கள் கிளை மேலாளர் என்னைப் பார்த்து, உடம்புக்கு ஏதாவது சரியில்லையா என்றுதான் விசாரித்தார்.

உடம்பு சரியில்லையா என்பதோடு அது நின்றது என் நல்ல காலம். கனடாவில் லிசா லாஃப்லாம் என்ற செய்தி வாசிப்பாளர், ஊரடங்குக் காலத்தில் டை அடிப்பதை நிறுத்தி, வெள்ளி முடியோடு செய்தி வாசித்தவர், 35 ஆண்டுப் பணிக்குப் பிறகு 2022இல் தம் 58ஆம் வயதில் பணியிலிருந்து நீக்கப்பட்டார். அவர் முடியை நரைக்க விட யார் அனுமதித்தது என்று மேலதிகாரி ஒருவர் கேட்டதாகப் பத்திரிகைகளில் வந்தது. வயதோ நரையோ காரணமல்ல என்று நிறுவனம் மறுத்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு என் தோழி ஒருத்தி நினைவுக்கு வந்தாள். அவள் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் நிற்கிறாள். தலை வெளுத்தால் அடுத்த மாதம் கிடங்குக்கு மாற்றிவிடுவார்கள் என்கிறாள். அவளிடம் போய் டை அடிக்காதே என்று சொல்வதற்கு, மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உறுதியாகிவிட்ட எனக்கு எந்த யோக்கியதையும் கிடையாது.

நடைமுறைச் சிக்கலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாகத்தான் வளரும். என் பின்னல் இடுப்பைத் தொடும். டை முழுவதும் கீழிறங்கிப் போக ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் ஆகியிருக்கும், அதுவரை மேலே வெள்ளையும் கீழே கரியுமாக ஒரு கோடு தலையைச் சுற்றி ஓடும். நாத்தனார் ஒரு வழி சொன்னார்: பழனிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டால் வேண்டுதல் என்று எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள், ஆறு மாதத்தில் ஒரே நிறமாக வந்துவிடும். ஏறத்தாழச் சம்மதித்துவிட்டேன். பிறகு, வேண்டாத வேண்டுதலுக்கு முருகனைச் சாக்காக இழுப்பது சரியாகப் படாமல், தோள்வரை வெட்டிக்கொண்டு மீதியைப் பொறுத்துக்கொண்டேன். நரைத்ததைவிட வெட்டியதற்குத்தான் அம்மா அதிகம் வருந்தினார். பூ வைத்தால் நிற்காதே என்பது அவர் கவலை. நிற்கிறது. வெள்ளை முடியில் மல்லிகை தெரியாது என்பதால் கனகாம்பரம் வைத்துக்கொள்கிறேன்.

கூப்பிடும் விதம் மாறியதுதான் நான் எதிர்பாராதது. பத்து ஆண்டுகளாக அக்கா என்றழைத்த கீரைக்காரப் பெண் ஒருநாள் அம்மா என்றாள். வங்கியில் மேடம் என்று சொல்லி இரைந்துகொண்டிருந்தவர்கள் அம்மா என்று சொல்லிப் பொறுமையாக நிற்கிறார்கள். நகைக் கடன் வட்டியில் வாடிக்கையாளருக்குச் சந்தேகம் வந்தால் பக்கத்து இருக்கை இளைஞனிடம் போகாமல் என்னிடம் வருகிறார்கள். கரிகாலனின் பங்கில் சிறிது எனக்கும் கிடைத்திருக்கிறது என்று மகிழ்ந்திருந்த வேளையில், நகரப் பேருந்தில் கல்லூரிப் பெண் ஒருத்தி எழுந்து, "உக்காருங்க பாட்டி" என்றாள். உட்கார்ந்தேன். அன்றிரவு வெகு நேரம் நிலைக்கண்ணாடி முன்னால் நின்றேன் என்பதை மறைப்பதற்கில்லை.

அம்மா எங்களோடு வந்து தங்கி எட்டு மாதங்கள் ஆகின்றன. மூன்று வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை குளியலறை வாசலில் முக்காலி போட்டு அவரை உட்காரவைக்கிறோம். எனக்கு ஆகாத மருந்து என்பதால் நான் தொடுவதில்லை. மகள் கையுறை மாட்டிக்கொண்டு பூசுவாள், நான் கைக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு தள்ளி நிற்பேன். போன ஞாயிற்றுக்கிழமை அம்மா கண்ணாடியில் தம்மைப் பார்த்துவிட்டு, அதிலேயே தெரிந்த என் தலையையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பேத்தியிடம் திரும்பி, "காதுக்குப் பின்னால விட்டுடாதே, அங்கதான் முதல்ல தெரியும்" என்றார்.