ஏழு படிகளும் மதினியின் டிரங்குப் பெட்டியும்

“மார்ச் 3 முடிந்ததும் பொம்மைகளை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். அப்படியே விட்டுவிட்டால் பெண்ணுக்குக் கல்யாணம் தள்ளிப்போகும் என்பார்கள்.”

இதைச் சொன்னது அம்பாசமுத்திரத்து அத்தை இல்லை. வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, வாக்கியத்துக்கு ஒருமுறை தலை தாழ்த்துகிற ஜப்பானியக் கடைக்கார அம்மாள். கல்யாணம் தள்ளிப்போகும் ஆபத்தில் இருந்த என் மகளோ, முன்பல் இரண்டும் விழுந்த வாயைத் திறந்தபடி கண்ணாடி அலமாரியில் மூக்கை அழுத்தி நின்றிருந்தாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எங்கள் ஊரில் பச்சரிசியை மென்றால் கல்யாணத்தன்று மழை கொட்டும் என்பார்கள். நான் கொஞ்சமாகவா தின்றேன்? என் கல்யாணம் சித்திரை வெயிலில் நடந்தது. ஒரு சொட்டு விழவில்லை. வந்தவர்கள் பந்தலில் வெந்துபோனதுதான் மிச்சம்.

நாங்கள் போயிருந்த ஊர் இவாட்சுகி. டோக்கியோவுக்கு வடக்கே, சைத்தாமா மாநகரத்தின் ஒரு வட்டாரம்; ஓமியாவில் ரயில் மாறிப் போக வேண்டும். பொம்மைத் தொழிலுக்குப் பேர்போன இடம். 1630-களில் நிக்கோவின் தோஷோகு ஆலயத் திருப்பணிக்குப் போன தச்சர்களும் சிற்பிகளும் வழியில் இங்கே தங்கினார்கள், கிரி என்ற கனமில்லாத மரம் தாராளமாகக் கிடைத்ததால் சிலர் இங்கேயே நின்றுவிட்டார்கள், தொழில் அப்படித்தான் வந்தது என்று கதை சொல்கிறார்கள். நல்ல மரத்தைக் கண்டால் கைவேலைக்காரன் கால் நகராது என்பதை மரக் கடைசல் பட்டறைகளுக்கு நடுவே வளர்ந்த அம்பைக்காரிக்கு (அம்பாசமுத்திரத்தை நாங்கள் அம்பை என்போம்) யாரும் விளக்க வேண்டாம். 2020-இல் திறந்த பொம்மை அருங்காட்சியகம் ஒன்றும் உண்டு. அதை வேகமாகச் சுற்றிவிட்டு வந்துவிட்டோம். மகளுக்குக் கடைகளின் மேல்தான் கண்.

மார்ச் 3 இங்கே பெண் குழந்தைகளின் திருநாள். ஹினமத்சுரி. அதற்குப் படி கட்டுகிறார்கள்! முழு வரிசை என்றால் ஏழு படி; ஒற்றைப்படைதான். நாம் வெள்ளை வேட்டி விரிக்கும் இடத்தில் சிவப்புக் கம்பளம். உச்சியில் தங்கத் திரைக்கு முன்னால் அரசனும் அரசியும். அடுத்த படியில் மூன்று பணிப்பெண்கள், அதற்கும் கீழே ஐந்து இசைக்காரர்கள், பிறகு இரண்டு அமைச்சர்கள். அவர்களில் ஒருவருக்கு வெள்ளைத் தாடி. ஐந்தாம் படியில் மூன்று வேலைக்காரர்கள்: ஒருவன் சிரிக்கிறான், ஒருவன் அழுகிறான், ஒருவன் கோபமாக இருக்கிறான். நம் கொலுவில் கடை பரப்பி உட்கார்ந்திருக்கும் செட்டியாருக்கு இவர்கள் பங்காளிகள் என்று பார்த்தவுடன் முடிவு செய்துவிட்டேன். மொத்தம் பதினைந்து பேர். எல்லோருக்கும் அவரவர் இடம். நம் கொலுவைப்போல நடுவில் கிரிக்கெட் அணியும் போலீஸ்காரரும் புகுந்துகொள்ள முடியாது.

கையுறை அம்மாள் அரசியை மட்டும் வெளியே எடுத்துக் காட்டினார். சிப்பியை அரைத்த பொடியைப் பசையில் குழைத்துப் பூசிப் பூசி ஏற்றிய வெள்ளை முகம். கூந்தல் பட்டு நூல். புருவத்தைத் தூரிகையால் தீட்டியிருந்தார்கள். கோட்டின் நுனி எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. உடுப்பு அடுக்கடுக்காக இருந்தது. கை மடிப்பின் ஓரத்தில் ஒவ்வொரு அடுக்கும் நூலளவு வெளியே எட்டிப் பார்க்கிறது: பச்சை, அதன்மேல் வெளிர் பச்சை, அதன்மேல் வெள்ளை, அப்புறம் சிவப்பு. தலைக்கு ஒருவர், கூந்தலுக்கு ஒருவர், கை கால்களுக்கு ஒருவர், உடுப்புக்கு ஒருவர் என்று தனித்தனிக் கைவேலைக்காரர்கள் செய்து, கடைசியில் சேர்ப்பார்களாம்.

விலைச் சீட்டில் மூன்றுக்குப் பின்னால் ஐந்து சைபர். யென்தான். ஆனாலும் ரூபாயில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் வருகிறது. என் கணவர் சத்தமில்லாமல் எதிர்ச் சுவர்ப் பக்கம் நகர்ந்துவிட்டார். வீட்டில் இடம் குறைந்தவர்களுக்கு அரசனும் அரசியும் மட்டுமுள்ள ஜோடி கிடைக்கிறது. வைத்துப் பூட்டும் பெட்டியே கவிழ்த்தால் படியாகிவிடும். அதுவும் எங்கள் வீட்டு வாடகையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

“வழக்கமாகப் பெண்ணின் தாய்வீட்டார்தான் வாங்கிக் கொடுப்பார்கள்” என்றார் அம்மாள். எதிர்ச் சுவரிலிருந்து என் கணவர் திரும்பி வந்தார். முகத்தில் அப்படியொரு தெளிச்சி. கல்யாணமாகி இத்தனை காலம் ஆன பிறகும் அம்மா எனக்குப் பொங்கல் படி கொடுப்பதை நிறுத்தவில்லை. பானையும் கரும்பும் மஞ்சள்குலையுமாக வந்தது, இப்போது வங்கிக் கணக்கில் வந்து விழுகிறது, அவ்வளவுதான். அந்தக் கணக்கில் ஜப்பான் அரசியையும் சேர்க்க இவருக்கு ஆசை. முறைத்தேன். மறுபடியும் சுவர்ப் பக்கம் போனார்.

சிக்கனத்தை மனதில் வைத்து நான் ஒரு கேள்வி கேட்டேன். அம்மாவின் பொம்மை வரிசையை மகளுக்குக் கொடுத்துவிட்டால் போதாதா? அம்மாள் மிகவும் பணிவாக மறுத்தார். ஒவ்வொரு பெண்ணுக்கும் அவளுக்கென்று ஒன்று வேண்டும். அவளுக்கு வரும் நோயையும் கெடுதலையும் அந்தப் பொம்மை தன்மேல் வாங்கிக்கொள்கிறது. ஒருத்தியின் காவலை இன்னொருத்திக்கு மாற்றிக் கொடுக்கலாமா? கல்யாணமானால் அதைத் தன்னோடு எடுத்துப்போவதும் உண்டு என்றார். எல்லா வீடுகளிலும் இவ்வளவு கறாராக இருக்க மாட்டார்கள், பொம்மை விற்பவர் வேறு எப்படிச் சொல்வார் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த இடத்தில் எனக்குச் சுருக்கென்றது. அரசியின் விலை மறந்துபோயிற்று. ஆச்சியின் கொலு நினைவுக்கு வந்துவிட்டது.

ஆச்சி வீட்டுக் கொலுவில் ஒன்பது படி. புரட்டாசி பிறந்தால் மச்சிலிருந்து டிரங்குப் பெட்டி இறங்கும். பழைய வேட்டித் துணியைப் பிரித்துப் பொம்மைகளை வெளியில் எடுக்கும் உரிமை பேத்திகளில் எனக்கு மட்டும்தான். என் கை பதமான கை என்று ஆச்சி சொல்வாள். மற்றவர்கள் நெருங்கினால், “ஏட்டி, தொட்டால் கை ஒடியும்!” தசாவதாரத்தில் மச்சத்துக்கு வாலில் ஒரு கீறல் உண்டு; அது தெரியாதபடி சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்க வேண்டும் என்பது ஆச்சிக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். துடைத்தது நான், அடுக்கியது நான், சுண்டல் கிண்ணத்தோடு வாசலில் நின்று வந்தவர்களை உள்ளே கூப்பிட்டது நான். கல்யாணமாகிப் போகும்போது எனக்குக் கிடைத்தது ஒரு ஜோடி மரப்பாச்சி. கொலு வீட்டோடு நின்றது. வீடு அண்ணனுக்கு. ஆகவே கொலு மதினிக்கு.

முறை அதுதான், நான் சண்டை போடவில்லை. மதினியும் நல்லவர். ஆனால் அவர் சென்னையில் பத்தாவது மாடியில் இருக்கிறார். படி கட்ட அங்கே இடமில்லை. டிரங்குப் பெட்டி அம்பையில் பூட்டிய வீட்டு மச்சில் கிடக்கிறது. கறையான் ஏறாமல் அம்மா எப்போதாவது போய் மண்ணெண்ணெய் தடவிவிட்டு வருகிறாள்.

எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை என்றுதான் எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். குப்பையை எரியும் குப்பை, எரியாத குப்பை என்று பிரித்துக் கட்டத் தெரியும். ரயிலில் வாய் திறக்க மாட்டேன். தொலைபேசியில் பேசும்போதுகூடத் தலை குனிகிறது. டோக்கியோவின் நிஷிகசாயில் நாங்கள் இருக்கும் வட்டாரத்தில் நம்மவர்கள் நிறையப் பேர், பருப்புக்கும் புளிக்கும் பஞ்சமில்லை. நவராத்திரிக்கு அட்டைப் பெட்டிகளை அடுக்கி மூன்று படி கட்டுகிறேன். நில நடுக்கத்தில் விழாதிருக்கப் பொம்மையின் அடியில் ஒட்டும் பசைத் துண்டு இங்கே கிடைக்கிறது. மரப்பாச்சி இரண்டும் அதில்தான் நிற்கின்றன. பிள்ளையாருக்கும் முருகனுக்கும் நடுவில் கை தூக்கிய அதிர்ஷ்டப் பூனை. வந்து பார்க்கும் ஜப்பானியத் தோழிகள் பூனையைக் கண்டதும் கை தட்டுகிறார்கள். போதுமே, இதற்குமேல் ஒருத்திக்கு என்ன வேண்டும்?

இப்படிச் சொல்லிக்கொண்டே கடையில் ஆறாம் படிக்குக் குனிந்தேன். ஆறும் ஏழும் பொம்மைகளுக்கான படிகள் அல்ல. அரசிக்குப் பிறந்த வீட்டுச் சீர். விரல் நீளத்தில் அலமாரி, முகம் பார்க்கும் கண்ணாடி வைத்த மேசை, தேநீர்ச் சாமான், பல்லக்கு, மாட்டு வண்டி, எல்லாம் கறுப்பு அரக்கில் தங்கப் பூவேலை. “இதை வைத்து விளையாடலாமா?” என்று மகள் ஜப்பானிய மொழியில் கேட்டாள். அம்மாள் சிரித்துக்கொண்டே தலை தாழ்த்தினார். இந்த ஊரில் அதற்கு அர்த்தம் கூடாது என்பது.

அம்பையில் இதற்கு மறுபேச்சே கிடையாது. கடைசல் பட்டறையில் மஞ்சள் கடம்புக் கட்டை சுழலும். உளி பட்டதும் சுருள் சுருளாகச் சீவல் தெறிக்கும். வடிவம் வந்த பிறகு வண்ண அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துவார்கள். உராயும் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் ஏறும்போது ஒரு வாசனை வருமே, அதற்காகவே பள்ளிக்கூடம் விட்டதும் பட்டறை வாசலில் நிற்போம். அம்மி, உரல், உலக்கை, திருகை, குடம், அடுப்பு, சட்டி, கரண்டி, எல்லாம் ஓலைப் பெட்டிக்குள். அந்தச் சொப்புச் சாமானை மண்ணில் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து, தம்பி தலையில் எறிந்து, சாயம் போகும்வரை விளையாடியிருக்கிறேன். தொடாதே என்று யாரும் சொன்னதில்லை. ஆச்சியின் கொலுவைத் தொடக் கூடாது, ஆச்சி வாங்கிக் கொடுத்த சொப்பைத் தொடாமல் இருக்கக் கூடாது. ஒரே வீட்டில் இரண்டு சட்டம்.

பெண் பிள்ளைக்கென்று தனித் திருநாள் நம்மிடம் இல்லையே என்று கணவர் சொன்னார். இவர் கோயம்புத்தூர்ப் பக்கம். பாவம், சிறுவீட்டுப் பொங்கல் தெரியாது. மார்கழி முழுக்கக் கோலத்தின் நடுவில் சாணிப் பிள்ளையார் பிடித்துப் பூசணிப்பூ செருகுவோம். அந்தப் பூவையும் சாணியையும் சேர்த்து வரட்டியாகத் தட்டிக் காயவைத்துச் சேர்ப்போம். தைப்பொங்கல் கழிந்த பிறகு ஒரு நாள், முற்றத்தில் சாண் உயரத்துக்கு மண்சுவர் எழுப்பிப் பெண் பிள்ளைகளுக்கு ஒரு வீடு. அடுக்களை தனி, வாசல் தனி, சுவரில் காவிப் பட்டை. அதற்குள் சின்னப் பானையில் எங்கள் கையால் பொங்கல். அப்புறம் வரட்டிகளைத் தட்டில் எடுத்துக்கொண்டு தாமிரபரணிப் படித்துறைக்குப் போய், மேலே சூடம் ஏற்றி ஒவ்வொன்றாக ஆற்றில் விடுவோம். யாருடையது வெகு தூரம் எரிந்துகொண்டே போகிறது என்று கரையில் பெரிய போட்டி நடக்கும்.

ஜப்பானிலும் விடுகிறார்கள். வக்கயாமாவில் கடா என்ற கடலோர ஊரின் அவாஷிமா ஆலயத்தில் மார்ச் 3 அன்று பழைய பொம்மைகளைப் படகில் ஏற்றிக் கடலுக்கு அனுப்புகிறார்கள். பொம்மைக்குப் படி கட்டும் வழக்கத்துக்கு முந்தியது இதுவாம்: காகித உருவத்தை உடம்பில் தடவி, பீடையை அதில் இறக்கி, தண்ணீரில் விட்டுவிடுவது. கேட்டவுடன் இந்த நாட்டின்மேல் எனக்குப் பிரியம் கூடிவிட்டது. மூன்று லட்சம் யென் பொம்மைக்கு ஆதியில் மூலம் ஒரு காகிதத் துண்டு.

வாங்கினோமா என்றால், ஒரு ஜோடி வாங்கினோம். உள்ளங்கை உயரம், பட்டு இல்லை, கண்ணாடிப் பெட்டி இல்லை, தொட்டால் ஒன்றும் ஆகாது. மகள் ரயிலிலேயே அரசனின் தொப்பியைக் கழற்றிவிட்டாள்.

அன்று இரவே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். ஜப்பானில் பொம்மை பெண்ணுக்குத்தான் சொந்தம், வீட்டுக்கு இல்லை என்பதை எல்லாரும் அறிய வேண்டும் என்று. அண்ணன் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுத் தூங்கப் போனார். மதினிதான் கூப்பிட்டார்.

“உனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளேன், நான் என்ன கட்டியா வைத்திருக்கிறேன்?”

“தசாவதாரம் மதினி.”

அந்தப் பக்கம் சற்று நேரம் பேச்சில்லை. தசாவதாரத்தை மட்டும் கேட்காதே, மகனுக்குக் கல்யாணமாகித் தனி வீடு வாங்கினால் வைப்பான் என்றார். அவர் மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். இடையில் அம்மா சேர்ந்துகொண்டாள். செட்டியாரையும் அவர் கடையையும் எனக்கே கொடுத்துவிடலாம், ஆனால் பெட்டியில் போட்டு அனுப்பினால் கழுத்து தாங்காது, நேரில் வந்து வாங்கிக்கொள் என்பது அவள் கட்சி. நான் விடவில்லை. பத்தும் வேண்டாம், மச்சம் ஒன்று போதும் என்று இறங்கி வந்தேன். வாலில் கீறல் இருக்கிறது, அது உனக்கு எதற்கு என்கிறார் மதினி. வேண்டுமானால் வாமனனைத் தருகிறாராம். அவனுக்குக் குடை ஒடிந்துவிட்டது. மச்சத்தோடு வாமனனையும் சேர்த்துத் தந்தால் யோசிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.