ஊட்டிச் சரிவில் செம்மண்ணைக் கண்டதும் நோட்டை மூடாதீர்கள்

மலை ரயில் பாதையோரம் வடிகாலுக்கோ தாங்குசுவருக்கோ மண் எடுக்கும்போது, தொல்லியல் கண்காணிப்புக்கு நிற்பவர்கள் அடிக்கடி செய்யும் தவறு ஒன்று உண்டு. செம்மண் தெரிந்ததுமே "கன்னி மண் வந்தாச்சு" என்று, அதாவது மனிதர் கை படாத அடிமண் வந்துவிட்டது என்று, எழுதிவிடுவார்கள். நீலகிரியில் அந்தக் கணக்கு எடுபடாது. மேட்டு மண் மழைக்கு மழை அரித்து வந்து கீழே படிகிறது. நிறத்தில் அது அடிமண் மாதிரியே இருக்கும். அதற்கும் கீழே பழைய தரை புதைந்து கிடக்கலாம்.

ஒரு கைப்பிடி எடுத்து உடைத்துப் பாருங்கள். அரித்து வந்த மண்ணில் கரித்தூளும் ஓட்டுச்சில்லும் கலந்திருக்கும், கற்கள் தாறுமாறாகக் கிடக்கும். பாறை இருந்த இடத்திலேயே மக்கி உண்டான மண்ணில் பாறையின் வரிகள் அப்படியே தெரியும். சந்தேகம் தீரவில்லையா? ஓரத்தில் 1 மீட்டர் சதுரத்தில் ஒரு சோதனைக் குழி போட்டு, இன்னும் அரை மீட்டர் இறங்கிப் பாருங்கள்.

ஜேசிபி பக்கெட்டின் பற்கள் அடுக்குகளைக் கிழித்துவிடும். பல் இல்லாத அகலப் பக்கெட்டை மாட்டச் சொல்லுங்கள். ஒரு தடவைக்கு 10 செ.மீ. சுரண்டினால் போதும். வண்டி பின்னால் நகர்ந்துகொண்டே இழுக்க வேண்டும். சுரண்டிய தரைமேல் டயர் ஏறக் கூடாது. எந்தச் சைகைக்கு நிறுத்த வேண்டும் என்பதை ஆபரேட்டர் அண்ணனிடம் காலையிலேயே பேசிக்கொள்ளுங்கள். அவர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், ஜேசிபியின் கை சுழலும் வட்டத்துக்கு வெளியே நில்லுங்கள்.

குன்னூரிலிருந்து ஊட்டிக்குப் பாதை வந்தது 1908-இல். ஜல்லி, நிலக்கரிச் சாம்பல், நிரப்பு மண் எல்லாம் கழிந்தபின் மெல்லிய கரும்பட்டை ஒன்று தெரிந்தால் உடனே வேலையை நிறுத்துங்கள். அது பழைய புல்தரையாக இருக்கலாம். மேலே உள்ள நிரப்பு மண் பாதை போட்ட காலத்தது என்றால், பட்டையில் பதிந்து கிடப்பது அதற்கு முந்தையது. ஆனால் கேபிளுக்கோ தண்ணீர்க் குழாய்க்கோ பின்னால் வெட்டிய பள்ளம் குறுக்கே போயிருந்தால் இந்தக் கணக்கு உடைந்துவிடும். முதலில் அதைத் தேடுங்கள்.

அமிலத்தன்மை கொண்ட இந்த மண்ணில் எலும்பு கரைந்துபோகும், எரிந்த எலும்புதான் ஓரளவு தங்கும். எலும்பு இல்லை என்பதால் ஈமக்குழி இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். நீலகிரி ஈமச்சின்னங்களில் எருமை உருவம் வைத்த பானை மூடிகள் கிடைத்திருக்கின்றன. விரலளவு சுடுமண் கால் ஒன்று கிடைத்தால் பொம்மைத் துண்டு என்று வீசிவிட வேண்டாம்.

வெட்டுமுகத்தை, அதாவது அடுக்குகள் தெரியும் பள்ளத்தின் பக்கச்சுவரை, அன்றைக்கே வரைந்துவிடுங்கள், 1:10 அளவில். ராத்திரி மழை பெய்தால் காலையில் அது இருக்காது. காய்ந்து வெளுத்திருந்தால் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள், அடுக்குகள் பிரிந்து தெரியும். மூடுபனியில் பிளாஷ் போடாதீர்கள், படம் வெளுத்துவிடும். 1.5 மீட்டருக்கு மேல் ஆழமான பள்ளத்தில், முட்டுக்கொடுக்காமல் யாரும் இறங்கக் கூடாது.

புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டுச் சட்டம். ஒன்றும் கிடைக்காத நாளையும் குறித்து வையுங்கள்: எங்கிருந்து எங்கே வரை, எவ்வளவு ஆழம், ஆள் நிற்காமல் தோண்டிய பகுதி எது என்று.