காருகுறிச்சிக்குப் போன கையெழுத்து நோட்டு

செங்கோட்டை பாசஞ்சரில் ஜன்னலோர இடம் கிடைத்தது. பத்து ரூபாய் டிக்கெட்டுக்கு அது பெரிய அதிர்ஷ்டம். பையில் ஒரு துண்டு, தண்ணீர் பாட்டில், இரண்டு நாட்டுப்பழம், கறுப்பு அட்டை போட்ட ஒரு நோட்டு, மூன்று பேனாக்கள். எதிரில் இருந்த பெரியவர் எங்கே பயணம் என்று கேட்டார். காருகுறிச்சிப் பக்கம் சுடலைமாடன் கோயில் கொடைவிழாவுக்கு என்றேன். "நேர்ச்சையா?" என்றார். மகுடம் என்ற பறையை அடிப்பவரிடம் கையெழுத்து வாங்கப் போகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. சொந்தக்காரர்கள் கூப்பிட்டார்கள் என்று சொல்லிவைத்தேன்.

அந்த நோட்டு 2007-இல் வாங்கியது. அப்போது பாளையங்கோட்டையில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். விடுதியில் ஒரு சீனியரிடம் இங்கிலாந்து ஹெவி மெட்டல் குழுவான அயர்ன் மெய்டனின் கேசட்டுகள் ஐந்து இருந்தன. தேய்ந்து தேய்ந்து கிதார் சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். அந்தக் குழு மார்ச் 17-ஆம் தேதி பெங்களூர் அரண்மனை மைதானத்தில் வாசிக்கப்போகிறது என்று செய்தி வந்தபோது விடுதியில் நாலு பேருக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று பேர் வீட்டுக்குப் பயந்து பின்வாங்கினார்கள். நான் வேலைக்கு நேர்முகத் தேர்வு என்று பொய் சொன்னேன்.

அம்மா மிளகாய்ப்பொடி தடவிய இட்லியை வாழையிலையில் கட்டிக் கொடுத்தாள். அப்பா தனியே கூப்பிட்டு இருநூறு ரூபாய் கொடுத்து, கேள்வி கேட்டால் பதறாமல் பதில் சொல் என்றார். அந்த இருநூறில்தான் மைதானத்து வாசலில் எலும்பு முகம் போட்ட கறுப்பு பனியன் ஒன்றை வாங்கினேன். ஊர் திரும்பிய பிறகு கொடியில் காய்ந்த அதைப் பார்த்துவிட்டு அப்பா கேட்டது இதுதான்: "இது அந்தக் கம்பெனி கொடுத்ததா?" ஆமாம் என்றேன். இன்றுவரை திருத்தவில்லை.

பெங்களூர் போய்ச் சேர்வதற்கு ஒரு ராத்திரி முழுக்க பஸ். மதுரையில் ஒரு டீ, சேலத்தில் ஒரு டீ. மாலையில் முதலில் டெல்லியிலிருந்து வந்த பரிக்ரமா குழு வாசித்தது. அடுத்து லாரன் ஹாரிஸ் பாடினார்; மெய்டனைத் தொடங்கிய ஸ்டீவ் ஹாரிஸின் மகள். பிறகு அவர்கள். ஆறு பேர். ஸ்டீவ் ஹாரிஸ் ஒரு காலைத் தூக்கி மேடை விளிம்பில் இருக்கும் ஸ்பீக்கர்மேல் வைத்து, பேஸ் கிதாரின் கழுத்தைத் துப்பாக்கிபோலக் கூட்டத்தைப் பார்த்து நீட்டுவார். படத்தில் பார்த்ததுதான். ஆனால் அந்த நீட்டல் நம் பக்கம் திரும்பும்போது வயிறு ஒரு நிமிடம் காலியாகிறது. டிரம்ஸ் வாசிக்கும் நிக்கோ மெக்பிரெய்ன் செருப்பில்லாமல் வெறுங்காலால்தான் மிதிப்பார் என்று படித்திருந்தேன். அதைப் பார்த்துவிட வேண்டும் என்று எம்பி எம்பிப் பார்த்தும் டிரம்ஸ் மலைக்குப் பின்னால் அவர் தலைகூடச் சரியாகத் தெரியவில்லை. வார்த்தை தெரியாதவர்களும் கிதார் மெட்டை "ஓ ஓ" என்று சேர்ந்து பாடினார்கள். நானும் பாடினேன். தொண்டை மூன்று நாள் திரும்பவில்லை.

நோட்டின் முதல் பக்கம் ஸ்டீவ் ஹாரிஸுக்கு என்று முன்பே முடிவுசெய்திருந்தேன். நிகழ்ச்சி முடிந்ததும் பின்பக்கக் கேட்டுக்கு ஓடினேன். என்னைப்போல் முப்பது நாற்பது பேர் சி.டி. உறையும் மார்க்கருமாக நின்றார்கள். கறுப்புக் கண்ணாடி போட்ட வண்டிகள் வரிசையாக வெளியேறின. எதில் யார் இருந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. எல்லா வண்டிக்கும் கையசைத்தோம். ஒன்றில் சாப்பாட்டுப் பாத்திரங்கள்தான் போயிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

கூட்டம் கரைந்து நான் மட்டும் நின்றபோது, "போச்சே" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். ஸ்பீக்கர் பெட்டிகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். "ஏலே, நீ திருநெல்வேலியா?" அவருக்கு நாங்குநேரி. பெங்களூர் வந்து பதினோரு வருடம், ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவரிடம் வேலை. எதற்கு நிற்கிறாய் என்று கேட்டார், சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு உள்ளே போனவர், மேடைத் தரையில் இன்னார் நிற்கும் இடம் என்று குறித்து ஒட்டியிருந்த வெள்ளை நாடாவில் ஒரு சாண் கிழித்துக்கொண்டு வந்தார். யார் நின்ற இடம் என்று அவருக்கும் தெரியவில்லை. நோட்டை நீட்டினேன். "நானா?" என்று சிரித்துவிட்டு, கையைச் சட்டையில் துடைத்து, இரண்டாம் பக்கத்தில் பெயரும் ஊரும் எழுதினார். எழுத்து தபால்காரர் எழுத்துபோல் சுத்தமாக இருக்கிறது. நோட்டின் முதல் கையெழுத்து அதுதான். நாடா அதே பக்கத்தில் ஒட்டியிருக்கிறது, பசை மஞ்சளாகிவிட்டது.

பிறகும் போனேன். 2011 அக்டோபர் 30-ஆம் தேதி அமெரிக்க மெட்டல் குழுவான மெட்டாலிகா, அதே அரண்மனை மைதானம். இரண்டு நாளுக்கு முன் குர்கானில் நடக்கவேண்டிய நிகழ்ச்சி நடக்காமல் போயிருந்ததால், மேடையில் விளக்கு எரியும்வரை எங்களுக்கு நம்பிக்கை வரவில்லை. அங்கேயும் கையெழுத்து இல்லை. ஆனால் நம் நாட்டு ராக் குழுக்களின் சின்ன நிகழ்ச்சிகளுக்குப் போனால் கிடைக்கும். வாசித்து முடித்ததும் அவர்களே கேபிளைச் சுருட்டுவார்கள், பக்கத்திலேயே நின்று டீ குடிப்பார்கள். அப்படிச் சேர்ந்தவை பதினான்கு. இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: சி.டி. உறையின் வழுவழுத் தாளில் பால்பாயின்ட் பேனா வழுக்கும், ஜெல் மை இழுபடும். பெர்மனன்ட் மார்க்கர்தான் சரி, கறுப்பு அட்டைக்கு வெள்ளி நிறம். ஆனால் அதே மார்க்கர் நோட்டுத் தாளில் மறுபக்கம் ஊறும். அதனால்தான் மூன்று பேனா.

ரயில் பேட்டையைத் தாண்டியதும் மேற்கே பொதிகை மலை தெரிய ஆரம்பித்தது. பிசான நெல் அறுத்த வயல்கள், வைக்கோல் போர்கள், சித்திரை வெயில். சேரன்மகாதேவியில் பாதி ரயில் காலியானது. அடுத்து காருகுறிச்சி. இங்கே இறங்குகிற யாருக்கும் நாகஸ்வரம் நினைவுக்கு வராமல் போகாது. காருகுறிச்சி அருணாசலம் 1921-இல் பிறந்து 1964-இல் நாற்பத்து மூன்று வயதில் போய்விட்டார். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். 1962-இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு சரிக்குச் சரி போகும் நாகஸ்வரம் அவருடையதுதான். என் தாத்தா ஒரு கல்யாணத்தில் அவர் வாசிக்கக் கேட்டிருக்கிறார். மாப்பிள்ளை ஊர்வலம் நகர மறுத்துத் தெருவிலேயே நின்றுவிட்டது, முகூர்த்தம் தவறிவிடும் என்று பெண்வீட்டார் அழாத குறை என்பார். கையெழுத்து வாங்கினீர்களா என்று நான் ஒருமுறை கேட்டேன். தாத்தாவுக்குக் கேள்வியே புரியவில்லை. "அவர் கையெழுத்து எனக்கு எதற்கு? நான் என்ன அவருக்குக் கடனா கொடுத்தேன்?"

அந்தப் பதில் எனக்குள் பல வருடம் கிடந்தது. அறுநூறு கிலோமீட்டர் போய்க் கேட்டுக்கு வெளியே நிற்கிறவன், பக்கத்து ஊரில் விடிய விடிய வாசிக்கிறவரிடம் ஏன் ஒருமுறைகூட நோட்டை நீட்டவில்லை என்ற கூச்சம். சத்திரம் புதுக்குளத்தில் பிறந்து வில்லுப்பாட்டை வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் கொண்டுபோன சுப்பு ஆறுமுகம், பத்மஸ்ரீ வாங்கி அடுத்த வருடமே, 2022-இல் காலமானார். அன்று நோட்டை எடுத்துப் புரட்டினேன். நம் பக்கத்துக்காரர் ஒருவர்கூட அதில் இல்லை, நாங்குநேரிக்காரரைத் தவிர.

ஸ்டேஷனிலிருந்து வெளியே வந்ததும் பதநீர். பனையோலைப் பட்டையில், நுங்கு போட்டு. இரண்டு பட்டை குடித்தேன். மண்பானைகள் அடுக்கிய வீடுகளைக் கடந்து, வயல் வரப்பில் அரை மணி நேரம் நடந்தால் கொடை நடக்கும் சிற்றூர். குழல்விளக்கு கட்டிய தெரு, குழாய் ஸ்பீக்கர், ஜெனரேட்டரின் இரைச்சல். வெள்ளையடித்த சுடலைப் பீடத்துக்கு முன்னால் பந்தல். வில்லுப்பாட்டு முடியும் தறுவாயில் இருந்தது. வீசுகோல் நாணில் விழும்போதெல்லாம் வில்லில் கட்டிய மணிகள் சேர்ந்து சிலிர்த்தன. அதைப் பற்றித் தனியே எழுத வேண்டும். நான் வந்தது, மகுடம் அடித்துச் சாமி கதையைப் பாடி ஆடும் கணியான் கூத்துக்கு.

பதினோரு மணிக்கு மேல் அவர்கள் வந்தார்கள். கதையைப் பாடி நடத்தும் அண்ணாவி, மகுடக்காரர்கள் இரண்டு பேர், சேலையும் சதங்கையும் கட்டிய வேடக்காரர்கள் இரண்டு பேர், ஜால்ரா போட்டுப் பின்பாட்டுப் பாட ஒருவர். எண்ணிப் பார்த்தேன், ஆறு பேர். எனக்குச் சிரிப்பு வந்தது.

மகுடம் வட்டச் சட்டத்தில் தோல் இழுத்து ஒட்டிய பறை. இரண்டு உண்டு: எடுப்பான சத்தத்துக்கு உச்சம், கனத்துக்கு மந்தம். ஆற்றங்கரைக் காற்றில் ஈரம் ஏறினால் தோல் தொய்ந்துவிடும். அதனால் பந்தலுக்குப் பின்னால் வைக்கோலைக் கொளுத்தி, மகுடத்தை அதன்மேல் காட்டிக் காட்டித் திருப்பினார்கள். உச்ச மகுடக்காரர் காதருகே வைத்து விரலால் ஒரு தட்டு தட்டுவார், முகம் சுளிப்பார், மறுபடி தீ. பெங்களூரில் ஒவ்வொரு பாட்டுக்கும் சுருதி சேர்த்த கிதாரைத் தயாராக வைத்திருக்க ஆட்கள் இருந்தார்கள். இங்கே அவரேதான், கையில் ஒரு கைப்பிடி வைக்கோலோடு. கூத்தின் நடுவிலும் மூன்று முறை எழுந்துபோய்க் காய்ச்சிக்கொண்டு வந்தார். அப்போதெல்லாம் மந்தம் தனியே தாளத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. காய்ந்த உச்சம் திரும்பி வந்து சேர்கிற அந்த முதல் அடியில் கூட்டமே நிமிர்ந்து உட்கார்ந்தது.

அண்ணாவி ஒரு கையைக் காதில் பொத்திக்கொண்டு சுடலையின் கதையைப் பாடினார். மைக் இருந்தது; அதை அவர் பெரிதாக மதிக்கவில்லை. சாமக்கொடையில் சாமியாடி பந்தம் எடுத்து வேட்டைக்குச் சுடுகாட்டுப் பக்கம் ஓடியபோது மகுடம் இரண்டும் சேர்ந்து எழுப்பிய சத்தம் நெஞ்செலும்பில் இடித்தது. எந்த ஸ்பீக்கர் மலையும் எனக்கு அப்படிச் செய்ததில்லை. மிகை என்று நினைப்பவர்கள் சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை இந்தப் பக்கம் வந்து பார்க்கலாம்.

சாமி வேட்டையிலிருந்து திரும்பி, ஆட்டம் சற்று ஓய்ந்த நேரத்தில் சுக்குக் காபி வந்தது. நோட்டோடு போய் நின்றேன். உச்ச மகுடக்காரருக்கு அறுபது இருக்கும்.

"அண்ணாச்சி, ஒரு கையெழுத்து வேண்டும்."

"எதற்கு?" குரலில் இளக்கம் இல்லை. முன்பு யாரோ ஒருவர் உதவித்தொகை வாங்கித் தருவதாகச் சொல்லி எல்லாரிடமும் வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கிப் போனாராம், அதோடு சரி. நான் நோட்டைப் பிரித்துக் காட்டினேன். டிரம்ஸ் வாசிப்பவர் கையெழுத்து, கிதார் வாசிப்பவர் கையெழுத்து என்று விளக்கினேன். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "ஒருத்தர் பெயரையும் படிக்க முடியவில்லையே. இவர்களெல்லாம் பள்ளிக்கூடம் போகவில்லையா?"

பக்கத்தில் வேடக்காரர் ஒருவர் சவுரியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார். முதலில் நோட்டை வாங்கிக்கொண்டது அந்த வேடக்காரர்தான்; எந்தப் பெயரில் போட வேண்டும் என்று கேட்டார். கூத்தில் கூப்பிடுகிற பெயரா, ரேஷன் அட்டையில் இருக்கிற பெயரா? நிக்கோ மெக்பிரெய்னுக்கு வீட்டில் வைத்த பெயர் மைக்கேல் என்று அவரிடம் சொன்னேன். "அப்படியென்றால் அங்கேயும் இதே பாடுதான்" என்று சொல்லிவிட்டு இரண்டு பெயரையும் எழுதினார்.

அண்ணாவி பேனாவை வாங்கக் கையை நீட்டியபோது முழங்கைக்குக் கீழே மெல்லிய தழும்புகள் வரிசையாகத் தெரிந்தன. கைவெட்டு. சாமிக்குத் தன் ரத்தம் கொடுக்கும் சடங்கு, கொடைக்கு ஒன்றாக. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "இது எங்கள் கையெழுத்து" என்று சொல்லியிருந்தால் கதைக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் சட்டையை இறக்கிவிட்டு, இந்தப் பேனா எழுதவில்லை, வேறு இருக்கிறதா என்றுதான் கேட்டார்.

கடைசியாக உச்ச மகுடக்காரர். முதல் பக்கத்தைத் திருப்பினார்.

"இது ஏன் காலி?"

சொன்னேன். பதினேழு வயதுப் பையன்போல் அசட்டுத்தனமாக இருந்தது. நீங்களே இதில் போடுங்கள் அண்ணாச்சி, அவர் வரப்போவதில்லை என்றும் சொன்னேன். தலையை ஆட்டி மறுத்தார். "ஒருத்தருக்கு என்று வைத்த இடம் தம்பி. பீடத்தில் ஒரு சாமிக்கு வைத்த இலையில் இன்னொரு சாமிக்குப் படைப்பார்களா?" புரட்டிக்கொண்டே போய்க் கடைசிப் பக்கத்தில் போட்டார். நாலு எழுத்து, ஒவ்வொன்றுக்கும் பேனாவை எடுத்து எடுத்து வைத்தார். வைக்கோல் கரி ஒட்டிய பெருவிரல் ஓரத்தில் பதிந்துவிட்டது. துடைக்கப் போனார், நான் நோட்டை இழுத்துக்கொண்டேன்.

மந்த மகுடக்காரர் மகுடத்தைத் தலைக்கு அணையாக வைத்துத் தூங்கிவிட்டிருந்தார். எழுப்ப மனம் வரவில்லை. அடுத்த வெள்ளி களக்காட்டுப் பக்கம் கொடை இருக்கிறது, அங்கே வாருங்கள் என்றார் அண்ணாவி. "வந்ததும் முதலில் வாங்கிவிடுங்கள். அடித்து முடித்தால் அவரை யாராலும் எழுப்ப முடியாது."

விடியற்காலை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து பஸ் விசாரித்துக்கொண்டிருந்தேன். களக்காட்டுக்கு நாங்குநேரி வழியாகவும் பஸ் இருக்கிறது.