முழங்காலில் எட்டு ஊசிகள்

பாலக்கோடு மண்டியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தக்காளி தரம் பிரிப்பது என் தொழில். பதினேழு ஆண்டுகளாகச் செய்கிறேன். சென்ற ஆண்டு வலது முழங்கால் மடங்க மறுத்தது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து மூட்டுத் தேய்மானம் என்றார்கள்.

யாரோ சொன்னார்கள் என்று, மெல்லிய ஊசிகளைக் குத்தி வலி தணிக்கும் அக்குபங்சருக்குப் போனேன். முதலில் போன இடத்தில் நாடி பார்த்தவர், "சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடுங்கள், உடம்பே சரிசெய்துகொள்ளும்" என்றார். நம்பினேன். மூன்றே வாரத்தில் ரத்தச் சர்க்கரை 340. நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை நிறுத்தச் சொல்லும் இடத்திலிருந்து உடனே எழுந்து வந்துவிடுங்கள். மத்திய சுகாதார அமைச்சகம் 2019-இல் அக்குபங்சரைத் தனிச் சிகிச்சை முறையாக ஏற்றது உண்மைதான். ஆனாலும் ஊசி போடுபவர் என்ன படித்திருக்கிறார் என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

பிறகு தர்மபுரியில் இயற்கை மருத்துவப் பட்டம் பெற்ற ஒரு டாக்டரிடம் போனேன். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறேனா, காலையில் சாப்பிட்டேனா என்றெல்லாம் கேட்ட பிறகுதான் ஊசியை எடுத்தார். வெறும் வயிற்றோடு போனால் மயக்கம் வரலாம். இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

ஊசியின் உறையை என் கண்ணெதிரே பிரித்தார். தடிமன் கால் மில்லிமீட்டர்தான், உள்ளே துளை கிடையாது. சிறு குழாய்க்குள் வைத்து விரலால் ஒரு தட்டு. கொசு கடித்த அளவுதான். முழங்காலுக்குக் கீழே நான்கு விரற்கடை தள்ளி வெளிப்பக்கம் இறங்கிய ஊசி மட்டும் வேறு. டாக்டர் அதை மெல்லத் திருகியதும் கனமான ஒரு நோவு எழுந்து புறங்கால் வரை பரவியது. பயந்துபோய் "டாக்டர்!" என்றேன்.

"அந்தக் கனம் வரத்தான் வேண்டும் அம்மா. மின்சாரம் பாய்ந்ததுபோல் சுரீரென்று இருந்தால் சொல்லுங்கள், எடுத்துவிடுகிறேன்" என்றார்.

எட்டு ஊசிகளோடு 25 நிமிடம் அசையாமல் படுத்திருந்தேன். அப்போதுதான் விளக்கினார். சீன மரபு இதை உயிராற்றல் ஓடும் பாதைகள் என்கிறது. இன்றைய மருத்துவமோ, ஊசி நரம்பைத் தூண்டும்போது உடம்பு எண்டார்ஃபின் போன்ற வலி தணிக்கும் பொருள்களைச் சுரக்கிறது என்கிறது. உண்மையான சிகிச்சைக்குப் பதில் ஒப்புக்குப் போலி ஊசி போட்டுப் பார்த்த ஆய்வுகளிலும் பலருக்கு வலி குறைந்திருக்கிறது என்பதை அவர் மறைக்கவில்லை. "தேய்ந்த குருத்தெலும்பு இதனால் வளராது, வலிதான் குறையும்" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே அவரை நம்பினேன்.

வாரம் இரண்டு முறை, ஆறு வாரம். முதல் நாளுக்கு மறுநாள் வலி சற்றுக் கூடியது. நான்காவது முறை வரை பெரிய மாற்றமில்லை. தொடைத் தசைக்கு அவர் சொல்லிக்கொடுத்த பயிற்சியையும் விடாமல் செய்தேன். ஐந்தாம் வாரம் ஒருநாள் பஸ்ஸிலிருந்து இறங்கியபின்தான் உறைத்தது, படியில் கம்பியைப் பிடிக்காமலே இறங்கியிருக்கிறேன்.

குத்துக்காலிட இன்னும் முடியவில்லை. மண்டியில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துதான் பழம் பிரிக்கிறேன். சர்க்கரை மாத்திரையை முந்தானையில் முடிந்துவைத்திருக்கிறேன்.