வீடு அப்புறம், முதலில் நிலம்

ஐந்து வருடத்தில் இத்தனை லட்சம் வீடு என்று எந்த அரசு அறிவித்தாலும், நான் முதலில் பார்ப்பது அதற்கான நிலம் யார் கையில் இருக்கிறது என்பதைத்தான். சிமெண்டும் கம்பியும் நகரத்துக்குள் ஒரு விலை, வெளியே ஒரு விலை என்று பெரிதாக மாறுவதில்லை. மனை அப்படியில்லை, ரயில் வரப்போகிறது என்று பேச்சு கிளம்பினாலே எகிறிவிடும். அதற்கப்புறம் அரசு இடம் தேடினால் எங்கேயோ தள்ளித்தான் கிடைக்கும், அங்கே வாடகையில் மிச்சமாகும் காசு போக்குவரத்துக்கே சரியாகப் போய்விடும்.

ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னா இதை நூறு வருடத்துக்கு முன்பே பிடித்துக்கொண்டது. 1923இல் நகரை ஆண்ட சமூக ஜனநாயகக் கட்சியினர், வீடு கட்டப் பணம் திரட்ட ஒரு வீட்டு வரி போட்டார்கள், ஆடம்பர வீடுகளுக்கு மிக அதிகம், சாதாரண வீடுகளுக்குக் கொஞ்சம். 1934இல் ஆட்சி பறிபோவதற்குள் சுமார் 60,000 வீடுகள் எழும்பிவிட்டன. அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, பின்னால் வந்தவர்கள் அவற்றை விற்றுத் தள்ளவில்லை என்பது. இன்று மாநகராட்சிக்குச் சொந்தமாகச் சுமார் 2,20,000 வீடுகள் இருக்கின்றன. நிலம் வாங்கிச் சேர்த்து வைக்கவே 1984இல் தனியாக ஒரு நிதியம் தொடங்கினார்கள்.

பிரிட்டன் நேர்எதிர். 1980இல் வந்த வீட்டுவசதிச் சட்டத்துக்குப் பிறகு உள்ளாட்சிகளின் வீடுகளில் வாடகைக்கு இருந்தவர்களுக்கே தள்ளுபடி விலையில் அவற்றை விற்றார்கள், இங்கிலாந்தில் மட்டும் கிட்டத்தட்ட 20 லட்சம். வாங்கியவர்களை நான் குறை சொல்லமாட்டேன், கிடைத்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? ஆனால் விற்ற பணத்தை அப்படியே புது வீடு கட்டப் போடவிடாமல் உள்ளாட்சிகளின் கையை மத்திய அரசு கட்டிவைத்ததே, அதுதான் எனக்கு ஆறவில்லை. அப்படி விற்ற வீடுகளில் எத்தனையோ இப்போது தனியார் வாடகைச் சந்தையில் ஓடுகின்றன.

சிங்கப்பூர் என்றதும் எல்லோரும் வீவக, அதாவது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், கட்டிய அடுக்குமாடிகளைத்தான் சொல்வார்கள். 1960இல் அந்தக் கழகம் வந்தது சரி, 1966இல் வந்த நிலம் எடுக்கும் சட்டம் இல்லாமல் அது இவ்வளவு தூரம் போயிருக்காது. சந்தை விலைக்கும் கீழே நிலம் எடுத்தார்கள், கொடுத்தவர்களுக்கு வயிறு எரிந்திருக்கும். அங்கேயும் வீடு 99 வருடக் குத்தகைதான், 1970களில் கட்டியவற்றுக்குப் பாதிக் காலம் ஓடிவிட்டது. 70 வயதை நெருங்கும் வீடுகளில், குடியிருப்போர் வாக்களித்துச் சம்மதித்தால் அரசே முன்கூட்டி எடுத்துக்கொள்ளும் என்று 2018இல் ஒரு திட்டம் அறிவித்தார்கள். என்ன விலைக்கு எடுப்பார்கள் என்பதில்தான் இருக்கிறது எல்லாம்.